மலையகத்தில் சிற்றிறால் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலும் நீர்கொழும்பிலும் சிற்றிறால் வளர்ப்பவர்கள் தொட்டித் தண்ணீரை எப்படிக் குளிர்விப்பது என்று யோசிக்கிறார்கள். தலவாக்கலைப் பக்கம் இருக்கும் நாம் அதை எப்படி வெதுவெதுப்பாக வைத்திருப்பது என்று யோசிக்கிறோம். ஆகையால் அவர்களுக்குப் பொருந்தும் அறிவுரை நமக்கு அரைவாசிதான் பொருந்தும். எட்டு ஆண்டுகளாக இந்த உயிர்களை வளர்த்து வரும் எனக்கு, என்னிடம் இறால் வாங்கிச் சென்றவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே விடைகளோடு எழுதியிருக்கிறேன். தண்ணீரைப் பற்றிய பகுதி மற்றவற்றைவிட நீண்டிருக்கும். பெரும்பாலான சிக்கல்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

சிற்றிறால் என்பது கறிக்கு வாங்கும் இறாலின் குஞ்சா?

இல்லை. முழுவதும் வளர்ந்த பிறகும் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர், மிஞ்சினால் 5 சென்ரிமீற்றர் அளவே இருக்கும், வளர்ந்தபின் நன்னீரிலேயே வாழும் தனி இனங்கள் இவை. நம் நாட்டு அலங்கார மீன் கடைகளில் அதிகம் கிடைப்பது செரி இறால். அறிவியல் பெயர் நியோகரிடினா டேவிடி. கிழக்குச் சீனாவும் தாய்வானும் இதன் தாயகம். இயற்கையில் பழுப்பும் கண்ணாடி நிறமும் கலந்த எளிய தோற்றம் கொண்டது; சிவப்பு, மஞ்சள், நீலம், செம்மஞ்சள் ஆகிய நிறங்களெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதால் வந்தவை. இரண்டாவது கூட்டம் கரிடினா பேரினத்தைச் சேர்ந்த தேனீ இறால். சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அமைந்த கிறிஸ்டல் இறால் அதிலிருந்து 1990களில் ஜப்பானில் உருவானது. மூன்றாவதாக அமானோ இறாலைக் குறிப்பிட வேண்டும். தொட்டிப் பாசியை மேய்வதில் இதற்கு ஈடில்லை என்று உலகுக்குக் காட்டிய ஜப்பானியர் தகாஷி அமானோவின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

முதன்முதலாக வளர்ப்பவர் எதை வாங்க வேண்டும்?

செரி இறாலை வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு இறால்களோடு தொடங்குவது நல்லது. மூன்று நான்கு மட்டும் வாங்கினால் அவை யாவும் ஒரே பாலாக அமைந்துவிடும் வாய்ப்பு உண்டு, அதோடு சிறு கூட்டம் அச்சப்பட்டுப் பாசிக்குள்ளேயே ஒளிந்துகிடக்கும். அமானோ இறாலின் குஞ்சுகள் உப்புத் தன்மையுள்ள நீரில்தான் வளர்ச்சியடையும் என்பதால், வீட்டு நன்னீர்த் தொட்டியில் அவை பெருகமாட்டா.

கிறிஸ்டல் இறாலைப் பொறுத்தவரை, அது குளிர்ந்த, மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள நீரை நாடுவது. 20 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை அதற்கு உகந்தது. கரையோரத்தில் இதற்காகக் குளிரூட்டி வாங்கி வைக்கிறார்கள். அட்டன், நுவரெலியா, ஹப்புத்தளை வீடுகளில் இயற்கையே அந்த வேலையைச் செய்கிறது. செரி இறாலை ஓர் ஆண்டு நன்றாக வளர்த்துப் பழகிய பிறகு கிறிஸ்டலுக்கு வாருங்கள் என்று மனதாரச் சொல்வேன். நமக்குக் கிடைத்திருக்கும் இந்த வாய்ப்பை நம்மவர்களில் மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

எங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணீர் தெளிந்தது, குடிப்பதற்கே சிறந்தது. அதை அப்படியே தொட்டியில் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் அது மட்டும் போதாது. நம் மலைகளின் அடியிலுள்ள பாறை பெரும்பாலும் எளிதில் கரையாத பளிங்குருப் பாறை. மழைநீர் அதன் வெடிப்புகள் வழியாக இறங்கிப் பீலியில் வந்து விழும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் மிகக் குறைவாகவே கரைத்துக்கொண்டு வருகிறது. தேயிலைச் சாயம் நன்றாக இறங்குவதும், சவர்க்காரம் ஒரு தேய்ப்பிலேயே நுரைப்பதும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு படியாததும் இந்த மென்மையின் அடையாளங்கள். மனிதருக்கு இதனால் குறை எதுவும் இல்லை. இறாலுக்கோ அதன் ஓடே கல்சியத்தால் இறுகுவது. ஓட்டைக் கழற்றிப் புதிதாக அணிவதுதான் அதன் வளர்ச்சி. தண்ணீரில் அந்தச் சத்து இல்லாதபோது புதிய ஓடு சரியாக அமையாமல், கழற்றும் வேளையிலேயே இறால் இறந்துபோகிறது.

செரி இறாலுக்கு நீரின் மொத்த வன்மை (அதில் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியத்தின் அளவு) 6 முதல் 10 ஜெர்மன் பாகை வரை இருப்பது நல்லது. ஒரு ஜெர்மன் பாகை என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். என் வீட்டுப் பீலித் தண்ணீர் சோதனைத் துளிகளில் 1 பாகையைத் தாண்டியதில்லை. கடையில் இறாலுக்கென்றே விற்கும் தாதுப்பொடியை அளந்து கரைப்பது நிச்சயமான வழி. அது கிடைக்காதவர்கள், கழுவி வேகவைத்து உலர்த்திய முட்டையோட்டையோ கணவாய் ஓட்டையோ ஒரு சிறு துண்டாகத் தொட்டியில் இடலாம். மென்மையான நீரில் அது மெல்லக் கரைந்து வன்மையையும், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானத்தையும் சேர்த்தே உயர்த்தும். பிஎச் 6.5 இலிருந்து 8 வரை செரி இறால் தாங்கும். கிறிஸ்டல் இறாலுக்கு இந்த ஓட்டு வழி ஆகாது. அதற்குக் காபனேற்று இல்லாத தனித் தாதுப்பொடியே தேவை.

மாத்தளை, திகனைப் பக்கத்தவர்கள் மேலே சொன்னதை அப்படியே கைக்கொள்ள வேண்டாம். அங்கே நிலத்தடியில் சுண்ணப் பாறையும் டொலமைட்டும் உள்ள இடங்கள் இருப்பதால் கிணற்று நீர் ஏற்கெனவே வன்மையாக இருக்கக்கூடும். முதலில் அளந்து பாருங்கள்.

கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலைக்குப் போடும் டொலமைட் வீட்டில் மிஞ்சியிருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

அதில் கல்சியமும் மக்னீசியமும் இருப்பது உண்மைதான். ஆனால் மண்ணுக்கென அரைத்த அந்தத் தூள் நீரில் மிக மெதுவாகவே கரையும், தொட்டியைக் கலங்கடிக்கும், உர மூட்டைகளோடு ஒரே களஞ்சியத்தில் கிடந்ததால் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. வேண்டாம்.

நன்றாக இருந்த இறால்கள் தண்ணீர் மாற்றிய மறுநாள் மொத்தமாக இறந்துவிட்டன. என்ன காரணம்?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒரே தடவையில் பாதித் தொட்டியை மாற்றியிருப்பீர்கள். அல்லது அந்தத் தண்ணீரில் மருந்து இருந்திருக்கும்.

தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் பூஞ்சைக் கொல்லிகளில் செம்புக் கலவைகள் முதன்மையானவை. மீன் தாங்கிக்கொள்ளும் அளவு செம்பைக்கூட இறால் தாங்காது. மரக்கறித் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிக்கொல்லிகள் இன்னும் கொடியவை. பூச்சியும் இறாலும் உடலமைப்பில் நெருங்கிய உறவினர் என்பதால், பூச்சியைக் கொல்லவென்று செய்த மருந்து இறாலையும் கொல்கிறது. என் மூன்றாவது ஆண்டில், ஒரு மழைநாளின் மறுகாலை, வழக்கம்போலப் பீலியில் ஒரு வாளி பிடித்துத் தொட்டியில் ஊற்றினேன். மாலையில் இறால்கள் நீரின் மேல்மட்டத்துக்கு ஏறி வட்டமடித்தன. அடுத்த நாள் விடியும்போது நாற்பதுக்கு மேற்பட்டவை மணலின்மீது இளஞ்சிவப்பாக வெளிறிக் கிடந்தன. பீலிக்கு மேலே உள்ள மலையில் முதல்நாள் மருந்து அடித்திருந்தார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அன்றிலிருந்து மூடியுள்ள பீப்பாய் ஒன்றில் தண்ணீரைச் சேமித்து வைத்து, அதிலிருந்து ஒரு குவளையை எடுத்து இரண்டு இறால்களை ஒரு நாள் விட்டுப் பார்த்த பின்னரே தொட்டிக்கு ஊற்றுகிறேன். மருந்தடிக்கும் காலத்திலும், கனமழைக்குப் பின்வரும் இரண்டு மூன்று நாட்களிலும் புதிய நீரைப் பிடிப்பதில்லை.

மாற்றும் அளவைப் பொறுத்தவரை, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். புதிய நீரின் வெப்பநிலை தொட்டியின் வெப்பநிலையோடு ஒத்திருக்க வேண்டும். அதைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவது இன்னும் நல்லது.

டவுன் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறோம். குளோரீனுக்கு என்ன செய்வது?

வாயகன்ற வாளியில் 24 மணிநேரம் திறந்து வையுங்கள், அல்லது கடையில் விற்கும் குளோரீன் நீக்கியைக் கலந்துகொள்ளுங்கள்.

நுவரெலியாவில் தை மாசி இரவுகளில் பனி உறைகிறது. சூடாக்கி இல்லாமல் இறால் பிழைக்குமா?

செரி இறால் பிழைக்கும், ஆனால் பெருகாது. நீர் 18 பாகைக்குக் கீழே இறங்கும்போது அது மெல்ல நடக்கும், குறைவாக உண்ணும், சினை வைப்பதை நிறுத்திவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டின் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை என்பதால், அங்கே குஞ்சு பொரிக்க வைக்க விரும்புகிறவருக்குச் சூடாக்கி தேவை. 50 லீற்றர் தொட்டிக்கு 50 வாற்று போதுமானது. 22 பாகையில் நிறுத்துங்கள். தொட்டியின் அடியிலும் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் ரெஜிபோம் பலகையை ஒட்டி, மேலே கண்ணாடி மூடியும் வைத்தால் மின்சாரம் கணிசமாக மிச்சமாகும். சூடாக்கியின் முள்ளை மட்டும் நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றையும் வைத்திருங்கள்.

பண்டாரவளை, அட்டன் ஆகிய இடங்களில் ஆண்டின் பெரும்பகுதி சூடாக்கியின்றிச் சமாளிக்கலாம். கண்டியிலும் பதுளையிலும் அதன் தேவையே எழாது. பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பநிலை ஏறி இறங்குவதுதான் குளிரைவிட அதிகமாக இறாலை வருத்தும். ஆகவே தகரக் கூரைக்கு நேர் கீழேயும் சன்னலோரத்திலும் தொட்டியை வைக்காதீர்கள். அடுப்படியும் ஆகாது.

தொட்டியை எப்படித் தயார் செய்வது? எத்தனை நாளில் இறாலை விடலாம்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ 54 லீற்றர் கொள்ளும். தொடங்குபவருக்கு இதைவிடச் சிறியது வேண்டாம். நீர் குறைந்தால் பிழை பொறுக்கும் அளவும் குறைந்துவிடும். நன்றாக அலசிய ஆற்று மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். காற்றுப் பம்பில் இயங்கும் பஞ்சு வடிகட்டிதான் இறாலுக்கு ஏற்றது. மோட்டார் வடிகட்டிகள் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். பஞ்சின் மேற்பரப்போ நுண்ணுயிர் படிந்து குஞ்சுகளுக்கு மேய்ச்சல் நிலமாகவே மாறிவிடும். ஜாவா பாசியை ஒரு கைப்பிடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பஞ்சிலும் மணலிலும் குடியேற வெப்பமான ஊர்களில் நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். நம் குளிரில் எட்டு வாரம் வரை போகலாம். இந்தக் காலத்தில் சூடாக்கியை 26 பாகைக்கு வைத்தால் வேலை விரைவாக முடியும். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் பூச்சியமாகி, கண்ணாடியில் பச்சைப் படலம் தெரியத் தொடங்கிய பிறகு இறாலை விடுங்கள்.

கொழும்பிலிருந்து இறால் கொண்டுவரும்போது பாதிக்குமேல் வழியிலேயோ மறுநாளோ இறந்துவிடுகின்றன. எப்படிக் காப்பாற்றுவது?

கடைத் தொட்டியில் 28 பாகையில் இருந்த இறாலை 18 பாகைத் தொட்டியில் ஒரே நாளில் விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பையை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். வருவதற்கு முன்பே தொட்டியை 25 பாகைக்குச் சூடாக்கி வைத்து, பிறகு நாளொன்றுக்கு ஒரு பாகையாக இறக்குங்கள். வந்து சேர்ந்ததும் இறால்களைப் பைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றி, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு இரண்டு சொட்டு வீதம் இரண்டு மணிநேரம் விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்க வேண்டாம்.

என்ன உணவு கொடுக்க வேண்டும்?

நன்கு முதிர்ந்த தொட்டியில் பாசியும் நுண்ணுயிர்ப் படலமுமே அவற்றின் முதன்மை உணவு. அதற்கு மேலதிகமாக வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மணிநேரத்தில் தின்று முடிக்கும் அளவு கொடுத்தால் போதும். ஒரு நிமிடம் வெந்நீரில் வாட்டிய போஞ்சி, கரட், பசளி இலை எல்லாவற்றையும் விரும்பித் தின்னும். ஆனால் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறிகளில் மருந்து அடிப்பது அதிகம். கோவா, லீக்ஸ் போன்ற இலைக்கறிகளைச் சந்தையில் வாங்கி இறாலுக்கு இடவேண்டாம். வீட்டு வாசலில் மருந்தில்லாமல் வளர்த்ததையே கொடுங்கள், கரட்டானால் தோலைச் சீவிவிடுங்கள். தானாக உதிர்ந்து காய்ந்த கொய்யா இலை எப்போதும் ஒன்றிரண்டு தொட்டியில் கிடக்கட்டும்.

தொட்டியில் வெளிறிய, அசையாத இறால் ஒன்று கிடக்கிறது. செத்துவிட்டதா?

வெறும் ஓடாக இருக்கலாம். வளர்ந்த இறால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். நேரில் பார்க்கக் கிடைப்பது அரிது: இறால் ஓரிடத்தில் நின்று உடலை வளைக்கும்; தலைமூடிக்கும் வாலுக்கும் நடுவே முதுகில் ஒரு கீறல் விழும்; மறுகணம் ஒரே துள்ளலில் அது வெளியே வந்துவிட, கால்களும் மீசையும் கண்ணின் மேல்தோலும்கூடச் சிதையாமல் கண்ணாடி பொம்மைபோல ஓடு மட்டும் மிஞ்சும். இறந்த இறால் இளஞ்சிவப்பாகவும் ஒளி ஊடுருவாமலும் இருக்கும்; ஓடோ வெண்மையாக, உள்ளே வெறுமையாக இருக்கும். ஓட்டை எடுத்து எறியாதீர்கள். அதிலுள்ள கல்சியத்தை அவை தின்று மீட்டுக்கொள்ளும்.

கழுத்தைச் சுற்றி முழு வெள்ளை வளையம் தெரிந்து இறால் தடுமாறினால், ஓடு சரியாகப் பிளக்காமல் சிக்கியிருக்கிறது என்று பொருள். அந்த இறாலைக் காப்பாற்றுவது கடினம். வன்மையை அளந்து, நீர் மாற்றும் அளவைக் குறைத்து, மற்றவற்றைக் காப்பாற்றுங்கள்.

ஆண் பெண்ணை எப்படி அறிவது? சினை எத்தனை நாளில் பொரிக்கும்?

பெண் பருத்தது, நிறம் செறிந்தது, வயிற்றின் அடி வளைந்து அகன்றிருக்கும். ஆண் மெலிந்து வெளிறியிருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பருவமடையும் பெண்ணின் பிடரியில், சேணம் வைத்தாற்போல மஞ்சளான ஒரு திட்டுத் தெரியும். அவை இன்னும் கீழிறங்காத முட்டைகள். அவள் சட்டை உரித்த சில மணிநேரங்களில் ஆண்கள் எல்லாம் தொட்டி முழுவதும் பித்துப்பிடித்தாற்போல் நீந்தும். முதன்முதலாகப் பார்ப்பவர் தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டதோ என்று பயந்துபோவார். மருந்துபட்ட இறால் எல்லாம் ஒன்றாகத் தடுமாறும். இந்த வேளையிலோ பெண்கள் அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும், அதுவே அடையாளம்.

முட்டைகள் 20 இலிருந்து 30 வரை வயிற்றின் கீழே நீந்துகால்களில் ஒட்டிக்கொள்ளும். தாய் இரவும் பகலும் அந்தக் கால்களை விசிறிபோல் ஆட்டி நல்ல நீரை அவற்றின்மீது ஓடவிடுவாள். இடையிடையே ஒரு முட்டையைக் காலால் பிரித்துத் துடைத்து மீண்டும் ஒட்டவைப்பாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கடைசி வாரத்தில் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். குஞ்சின் கண்கள் அவை. 25 பாகையில் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், 20 பாகையில் ஒரு மாதத்தைத் தாண்டியும் பொரிக்கும். வெளிவருபவை 2 மில்லிமீற்றர் அளவில் தாயின் அதே உருவத்தோடு இருக்கும்.

சினை இறாலைத் தனித் தொட்டிக்கு மாற்றவே மாற்றாதீர்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் அவள் சட்டையை உரித்தால் முட்டைகளும் அதோடு போய்விடும்.

பொரித்த குஞ்சுகள் ஒரு வாரத்தில் காணாமல் போகின்றன. ஏன்?

மீன் இருந்தால் மீனே காரணம். கப்பி மீனும் விட்டுவைக்காது. மீன் இல்லாவிட்டால், பெரும்பாலும் பசி. மிகவும் சுத்தமாகத் துலக்கிய தொட்டியில் குஞ்சு மேய எதுவும் இருப்பதில்லை. அதனால் பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்காமல் பச்சையாகவே விடுங்கள். கண்ணாடியில் முக்கோணத் தலையோடு ஊரும் வெண்புழு தெரிந்தால் அது பிளனேரியா, குஞ்சுகளைத் தின்னும். மிகை உணவினால் பெருகுவது என்பதால் முதலில் உணவைக் குறையுங்கள்.

சிவப்பையும் நீலத்தையும் ஒன்றாக வளர்க்கலாமா?

வளர்க்கலாம், ஆனால் சில தலைமுறைக்குள் குஞ்சுகள் பழுப்பு நிறத்துக்கே திரும்பும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் என்பதே என் பழக்கம். செரி இறாலும் கிறிஸ்டல் இறாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, ஆனால் அவை கேட்கும் நீர் வேறு.

மீனில்லாத தொட்டியில் நுளம்பு முட்டையிடாதா?

இடும். இறால் நுளம்புக் குடம்பியை நம்பத்தகுந்த அளவில் பிடித்துத் தின்பதில்லை. டெங்கைப் பரப்பும் நுளம்பு தெளிந்த நீரையே தேடி வருவதால், தொட்டியையும் நீர் சேமிக்கும் பீப்பாயையும் சிறுகண் வலையால் இடைவெளியின்றி மூடுங்கள். குடம்பி கண்ணில் பட்டால் வலையால் அள்ளி எடுங்கள்; மருந்து இடவேண்டாம். அறையில் நுளம்பு விரட்டும் தெளிப்பானை அடிப்பதும் இறாலைக் கொல்லும், காற்றுப் பம்பு அறைக்காற்றை நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறதல்லவா!

மின்வெட்டு நீண்டால்?

குளிர்ந்த நீர் ஒட்சிசனைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும் என்பதால் நம் தொட்டிகள் சில மணிநேரம் தாங்கும். அதற்கு மேல் நீண்டால், குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு மெல்ல மேலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். சூடாக்கி உள்ள தொட்டியைக் கம்பளியால் போர்த்திவிடுங்கள்.

நம் ஓடைகளிலும் சிற்றிறால் இருக்கிறதே, அதைப் பிடித்து வளர்க்கலாமா? மிகுந்த செரி இறாலை ஓடையில் விடலாமா?

இரண்டும் வேண்டாம். இலங்கைக்கே உரிய கரிடினா இனங்கள் நம் ஓடைகளில் உண்டு. ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் கரிடினா சிங்ஹலென்சிஸ் அவற்றுள் ஒன்று. உலகில் வேறெந்த நாட்டிலும் அது இல்லை. 1988 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த நிலத்திலிருந்து எந்த உயிரையும் எடுப்பது சட்டப்படி குற்றம். பூங்காவுக்கு வெளியே ஓடும் நீரிலிருந்தும் எடுக்காதீர்கள்; ஓடும் நீருக்குப் பழகிய அவை தொட்டியில் நெடுநாள் இருப்பதில்லை.

செரி இறால் ஹவாய்த் தீவுகளின் ஓடைகளிலும், ஜெர்மனியில் வெந்நீர் கலக்கும் ஆறுகளிலும் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. நம் ஓடைகளிலும் அது பிழைத்துக்கொள்ளக்கூடும். மிகுந்தவற்றை அயலவருக்கோ கடைக்கோ கொடுங்கள். தொட்டியிலிருந்து வெளியேற்றும் தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் இருக்கும் என்பதால், அதைக் கானில் ஊற்றாமல் பூச்சாடிக்கோ மரக்கறிப் பாத்திக்கோ ஊற்றுங்கள்.